முதுகில் ஊசி போட்டால் பிரஷர் இறங்குமா, முன்பே தெரியுமா? – மயக்க டாக்டர் பதில்கள்

சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியைப் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை முழுக்க. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லாருக்கும் ஊர்ப் பெயர் மட்டும். நீளமான கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

மேலூர் வாசகி: எனக்கு முதல் பிரசவம் சிசேரியன். முதுகில் ஊசி போட்டுப் படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. ஒமட்டல், நெஞ்சடைப்பு, வாந்தியும் எடுத்தேன். “பிரஷர் எறங்கிருச்சு” என்று யாரோ சத்தம் போட்டது மட்டும் காதில் விழுந்தது. செத்துப்போய்விடுவேன் என்றே நினைத்தேன். இப்போது மறுபடி எட்டு மாதம். இந்த முறையும் ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள். யாருக்கு இப்படி இறங்கும் என்று முன்னாலேயே கண்டுபிடிக்க முடியாதா டாக்டர்?

எட்டாம் மாதத்தில் இந்தப் பயத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள் தங்கச்சி, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம், அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் யாருக்கு என்று தெரியாவிட்டாலும் தடுப்பதற்கு வழி இருக்கிறது. போன முறை பட்ட அவஸ்தையை இந்த முறை பெருமளவு குறைக்கலாம்.

ஏன் இறங்குகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில், முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெல்லிய ஊசியை விட்டு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் சுமார் 2 மில்லி மருந்தைக் கலக்கிறோம். வயிற்றைத் திறப்பது வலிக்காமல் இருக்க வேண்டுமென்றால் மரமரப்பு மார்புக்காம்பு மட்டம் வரை ஏற வேண்டும். அங்கே வலியைச் சொல்லும் நரம்புகளோடு, ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் வேலையை நிறுத்திவிடுகின்றன. குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. மேலூர்ப் பக்கம் என்பதால் வாய்க்காலை வைத்தே சொல்கிறேன்: வருகிற தண்ணீர் அதே அளவுதான், வாய்க்காலை மட்டும் திடீரென்று அகலமாக வெட்டிவிட்டால் மட்டம் தாழ்ந்துபோகும், மடைக்கு ஏறாது. பிரஷர் இறங்குவது அதுதான். உடம்பில் ரத்தம் குறைந்துவிடவில்லை.

அதோடு, மல்லாக்கப் படுக்கும்போது கர்ப்பப்பையின் பாரம் முழுக்க முதுகெலும்புக்கு முன்னால் போகிற பெரிய ரத்தக் குழாயை அமுக்குகிறது. காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. சாதாரண நேரத்தில் உடம்பு குழாய்களை இறுக்கி இதைச் சமாளித்துவிடும். ஊசி போட்ட பிறகு அந்தப் பிடிமானம் இருப்பதில்லை.

எதுவும் முன்கூட்டிச் செய்யாமல் விட்டால், ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 70, 80 பேர் வரைகூடப் பிரஷர் இறங்கும் என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆகவே உங்களுக்கு நடந்தது ஏதோ அபூர்வமான விஷயம் என்றோ, உங்கள் உடம்பில் கோளாறு என்றோ எண்ண வேண்டாம். சிலருக்குக் கொஞ்சம் இறங்கி நின்றுவிடும், சிலருக்குச் சடாரென்று இறங்கும். அந்தச் சிலர் யார் என்பதைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

நான் தேடுவது பெரும்பாலும் கேள்வி கேட்டுத்தான். முந்தின நாள் வார்டில் பார்க்கும்போது, “ராத்திரி எந்தப் பக்கம் படுக்குறீங்க?” என்று கேட்பேன். “மல்லாக்கப் படுத்தா கிறுகிறுன்னு வருது டாக்டர், வேர்த்துக் கொட்டுது, உடனே ஒருக்களிச்சுக்குவேன்” என்று ஒருவர் சொன்னால் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதி அடிக்கோடு போடுவேன். உடம்பே அந்தப் பரிசோதனையை வீட்டில் செய்து முடித்துவிட்டது என்று அர்த்தம். இதையே ஆஸ்பத்திரியில் முறையாகவும் செய்வார்கள்: இடப்பக்கம் ஒருக்களித்திருக்கும்போது நாடித்துடிப்பைக் குறித்துக்கொண்டு, பிறகு சில நிமிஷம் மல்லாக்கப் படுக்க வைத்துப் பார்ப்பது. துடிப்பு முன்பிருந்ததைவிட நிமிஷத்துக்கு 10க்கு மேல் கூடினாலோ, அந்தப் பெண் இருப்புக்கொள்ளாமல் காலை மடக்கி மடக்கி அசைத்தாலோ, ஊசிக்குப் பிறகு பிரஷர் இறங்க வாய்ப்பு அதிகம்.

ஓய்வாக இருக்கும்போதே நாடி 90க்கு மேல் ஓடுகிறதா என்று பார்ப்பேன். குழந்தை பெரிதா, இரட்டையா, தாயின் உடல் பருமன் எவ்வளவு என்பதும் கணக்கில் வரும். இன்னொரு விஷயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். பிரசவ வலி வந்து, வலியோடு தியேட்டருக்கு வருகிறவர்களைவிட, நாள் குறித்து வலியே இல்லாமல் வருகிறவர்களுக்குத்தான் பிரஷர் அதிகம் இறங்குகிறது. நீங்கள் இரண்டாவது வகை. நாள் குறித்து வருவதால் எங்களுக்குத் தயாராக நேரம் இருக்கும் என்பது இதில் நல்ல பக்கம்.

இதற்கெல்லாம் மேலே நான் மதிக்கும் ஒரு காகிதம் உங்கள் வீட்டில் இருக்கிறது. தாய் சேய் நல அட்டை. கிராம சுகாதார செவிலியர் மாதாமாதம் அதில் பிரஷரை எழுதி வைத்திருப்பார். மூன்றாம் மாதம் 110/70, ஐந்தாம் மாதம் 100/60, எட்டாம் மாதம் 112/74 என்று வரிசையாக இருக்கும். தியேட்டருக்குள் வந்ததும் பயத்தில் எல்லாருக்கும் பிரஷர் ஏறியிருக்கும். அங்கே 140 காட்டினால் அதை உங்கள் இயல்பான அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. எங்கிருந்து இறங்குகிறது என்று தெரிந்தால்தானே எவ்வளவு இறங்கியது என்று சொல்ல முடியும்? அந்த அட்டையைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு வெறுங்கையோடு வருகிறார்கள். தயவுசெய்து கையோடு கொண்டுவாருங்கள். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியும் இருந்தால் சேர்த்து எடுத்துவாருங்கள்.

இவ்வளவு பார்த்தும் தவறிப்போவது உண்டு. இறங்காது என்று நினைத்தவருக்கு இறங்கும், இறங்கும் என்று நினைத்தவர் சிரித்துக்கொண்டே குழந்தையைப் பார்ப்பார். அதனால் இப்போது எல்லாருக்குமே இறங்கப் போகிறது என்று வைத்துக்கொண்டுதான் தயாராகிறோம். 2018இல் பல நாட்டு மயக்கவியல் நிபுணர்கள் கூடி வெளியிட்ட பரிந்துரையின் சாரமும் இதுதான்: இறங்கட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திராமல், ஊசி போட்ட கையோடு குழாயை இறுக்கும் மருந்தை ஆரம்பித்துவிடுங்கள், மேல் பிரஷரை இயல்பான அளவில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் காப்பாற்றுங்கள். ஊசி போடும் நேரத்திலேயே ட்ரிப்ஸும் வேகமாக ஓடும். வலது இடுப்புக்குக் கீழே துணியைச் சுருட்டி வைத்து உடம்பை இடப்பக்கம் சாய்ப்போம். குழந்தை வெளியே வரும்வரை ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்ப்போம்.

இனி உங்கள் பங்கு. கையில் கட்டிய பட்டை காற்றை ஏற்றி இறக்கி ஓர் எண்ணைக் காட்ட அரை நிமிஷம் பிடிக்கும். அதற்குள் உடம்பு உங்களுக்குச் சொல்லிவிடும். வயிற்றைப் புரட்டும். காது அடைக்கும். கொட்டாவி வரும். நான் எப்போதும் தலைமாட்டில்தான் நிற்பேன், அந்தக் கொட்டாவியை விடமாட்டேன். அடுத்தடுத்து இரண்டு கொட்டாவி வந்து, உதடு வெளுத்து, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை நின்றால், மானிட்டர் என்ன சொல்கிறது என்று பார்க்கும் முன்பே என் கை சிரிஞ்சுக்குப் போய்விடும். ஆனால் நம் பெண்கள் அடக்கிக்கொள்கிறார்கள். “டாக்டரம்மா திட்டுவாங்களோன்னு பொறுத்துக்கிட்டேன்” என்று பிறகு சொல்வார்கள். பொறுக்க வேண்டாம். “ஒமட்டுது”, “படபடன்னு வருது”, “என்னமோ பண்ணுது”, எந்த வார்த்தை வாயில் வந்தாலும் சொல்லுங்கள். மூச்சு முட்டுவது போலிருந்தாலும் சொல்லுங்கள். நெஞ்சு வரை மரத்துப்போவதால் மூச்சு விடுவதே தெரியாதது போல் சிலருக்குத் தோன்றும், பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தால் அது அடங்கிவிடும்.

இந்தக் கடிதத்தில் எனக்கு எழுதியதை அப்படியே உங்கள் மயக்க டாக்டரிடம் முந்தின நாளே சொல்லுங்கள். மேஜையில் ஏறிய பிறகு சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

திருமங்கலம் வாசகர்: என் மனைவிக்கு ஏழு மாதம். எப்போது பார்த்தாலும் பிரஷர் 100/60தான். “லோ பிரஷர் உடம்பு, முதுகு ஊசி தாங்காது” என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். தினமும் உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் கொடுக்கிறோம். சரிதானே?

100/60 என்பது நிறைய கர்ப்பிணிகளுக்கு இயல்பான அளவு. கர்ப்பத்தின் நடுமாதங்களில் பிரஷர் கொஞ்சம் குறைந்து, கடைசி மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பும். நடக்கிறார், வேலை செய்கிறார், மயங்கி விழவில்லை என்றால் அதற்கு வைத்தியம் தேவையில்லை. அந்த அளவை வைத்துக்கொண்டு ஊசி தாங்காது என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவரவருடைய இயல்பான அளவிலிருந்து எத்தனை சதவீதம் இறங்குகிறது என்றுதான் நாங்கள் பார்ப்போம்.

உப்பை விட்டுவிடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கட்டும், அது போதும். அதைவிட, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லையே. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் ரத்தசோகை. கிறுகிறுப்பு, களைப்பு எல்லாம் வந்தால் வீட்டில் “லோ பிரஷர்” என்று முடிவு கட்டிவிடுவார்கள், உண்மையில் ரத்தசோகையாக இருக்கும். ஆபரேஷனில் கொஞ்சம் ரத்தம் போகத்தான் செய்யும். அதைத் தாங்க ஹீமோகுளோபின் வேண்டும். இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து ஜன்னலுக்கு வெளியே போடுகிறவர்களை எனக்குத் தெரியும். கறுப்பாகப் போவது அந்த மாத்திரைக்கு இயல்பு.

சோழவந்தான், ஒரு மாமியார்: மருமகளுக்கு எட்டாம் மாதத்திலிருந்து பிரஷர் 150, 160 என்று நிற்கிறது. கால் வீக்கம், யூரினில் உப்பு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும் என்கிறார்கள். முதுகு ஊசி போட்டால் பிரஷர் இறங்கும் என்றால் அவளுக்கு அது நல்லதுதானே?

நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது அம்மா, ஆனால் அப்படி நடப்பதில்லை. உங்கள் மருமகளுக்கு இருக்கும் இந்தக் கர்ப்பகால ரத்த அழுத்த நோயில், ஊசிக்குப் பிறகு பிரஷர் இறங்குவது மற்ற கர்ப்பிணிகளைவிடக் குறைவு. அவர்களுடைய ரத்தக் குழாய்கள் நரம்பின் பிடியால் மட்டும் இறுகியிருக்கவில்லை. நஞ்சுக்கொடியிலிருந்து வரும் பொருள்களால் குழாயின் உள்சுவரே கெட்டு இறுகிப்போயிருக்கிறது. ஊசி நரம்பை மட்டும்தான் விடுவிக்கும். முன்பெல்லாம் இந்த நோயாளிகளுக்கு முதுகு ஊசி போடவே தயங்குவார்கள், பிரஷர் பாதாளத்துக்குப் போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் தப்பு என்று பிறகு தெரிந்தது.

கொஞ்சம் இறங்கினாலும் அது வைத்தியம் ஆகாது. ஊசியின் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்ததும் பிரஷர் மறுபடி ஏறும். நம் பக்கத்தில் ஜன்னி என்று சொல்லும் வலிப்பு, குழந்தை பிறந்த பிறகும் வரலாம். “பிள்ளை பெத்தாச்சு, இனி மாத்திரை எதுக்கு” என்று வீட்டில் யாரும் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நோயில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையக்கூடும். மிகவும் குறைந்தால் முதுகில் ஊசி போட மாட்டோம், முழு மயக்கம் கொடுப்போம். அதற்காகத்தான் ஆபரேஷனுக்கு முன்பு மறுபடி மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள். “எத்தனை தடவ ரத்தம் உறிஞ்சுவாங்க” என்று கோபப்பட வேண்டாம். தலைவலி நிற்காமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, மேல்வயிறு வலித்தாலோ நாள் குறித்தது இருக்கட்டும், அந்த நிமிஷமே 108க்கு அடியுங்கள்.

மதுரை, நர்சிங் மாணவி: பல்ஸ் ஆக்சிமீட்டரில் ‘பி.ஐ.’ என்று ஓர் எண் வருகிறதே, அது 3.5க்கு மேல் இருந்தால் ஸ்பைனலுக்கு, அதாவது முதுகு ஊசிக்குப் பிறகு பிரஷர் இறங்கும் என்று படித்தேன். அப்படியானால் அதைப் பார்த்தே சொல்லிவிடலாமே, ஏன் எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்வதில்லை?

நல்லா படிக்கிறாய் மகளே. அந்த 3.5 என்ற எண் 2013இல் ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆய்வில் சொல்லப்பட்டது. விரலில் மாட்டும் கருவியும் ஜப்பான்காரர் தந்ததுதான், 1970களில் தக்குவோ அவோயாகி என்ற பொறியாளர். விரலில் துடிக்கும் ரத்தத்துக்கும் துடிக்காத திசுவுக்கும் உள்ள விகிதமே பி.ஐ. அது அதிகம் என்றால் விரல் நுனியின் குழாய்கள் ஏற்கெனவே தளர்ந்திருக்கின்றன. கை கால்களில் ரத்தம் தேங்கியிருப்பதால் ஊசிக்குப் பிறகு சமாளிக்கக் கையிருப்பு குறைவு என்பது இதன் பின்னுள்ள எண்ணம்.

ஆனால் பிறகு வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் பலித்தது, சிலவற்றில் பலிக்கவில்லை. வார்டில் நின்று யோசித்துப் பார், காரணம் தெரியும். சித்திரை வெயிலில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியவருக்குக் கை சூடாக இருக்கும், எண் ஏறும். ஏசி தியேட்டரில் பத்து நிமிஷம் படுத்ததும் விரல் சில்லிட்டுப்போகும், எண் இறங்கும். பயந்தாலும் இறங்கும், விரலை அசைத்தாலும் ஆடும். ஒரே பெண், அரை மணி நேரத்துக்குள் இரண்டு எண். இதயத்துடிப்பின் இடைவெளி எப்படி மாறுகிறது என்று கணக்கிடுவது, வயிற்றின் பெரிய சிரையை ஸ்கேனில் பார்ப்பது, காலைத் தூக்கிப் பிடித்து இதயம் எப்படிப் பதில் சொல்கிறது என்று அளப்பது, இவற்றையும் முயன்றிருக்கிறார்கள். எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு வரவில்லை. பி.ஐ.க்குச் செலவில்லை, ஊசி குத்த வேண்டாம், மானிட்டரில் இருந்தால் பார். பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேர்த்து வை. என் வழக்கம் அதுதான். இந்த எண் குறைவாக இருக்கிறது என்பதற்காக மருந்து ஏற்றிய சிரிஞ்சைத் தயார் செய்யாமல் இருந்துவிடாதே.

நர்ஸாகப் போகிறவள் என்பதால் உனக்கு இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். இந்த விஷயத்தில் டாக்டரைவிட அதிகம் செய்ய முடிகிறவர் வார்டு நர்ஸ். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு எடுத்த பிரஷரை எழுதாதே. இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, பேச்சுக் கொடுத்து, கொஞ்ச நேரம் விட்டு இரண்டு மூன்று முறை எடு. அந்த எண்தான் எங்களுக்கு அடித்தளம். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். வளைகாப்புக் கண்ணாடி வளையலோடு வருவார்கள். ட்ரிப்ஸ் ஊசி போடும் கையிலிருந்தாவது வார்டிலேயே சோப்பு நுரை போட்டு, உடையாமல், ஒவ்வொன்றாகக் கழற்றி அவர்கள் அம்மா கையில் கொடுத்துவிடு. தியேட்டர் வாசலில் வைத்து அவசரமாகக் கழற்றினால் ஒன்றாவது உடையும். உடைந்தால் அந்தப் பெண்ணுக்கு மனசு பதறிவிடும், அந்தப் பதற்றம் மானிட்டரில் நாடித்துடிப்பாக ஏறி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. குழாயை இறுக்கும் மருந்தான ஃபினைலெஃப்ரின் ஆம்பூல் ஒன்றில் 10 மில்லிகிராம் வரும். நாங்கள் ஒரு தடவைக்குக் கொடுப்பது 50, 100 மைக்ரோகிராம்தான். 100 மில்லி சலைனில் ஒரு ஆம்பூலைக் கலந்தால் ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் கிடைக்கும். கலந்ததும் லேபிள் ஒட்டு, பெயரும் அளவும் எழுது. லேபிள் இல்லாத சிரிஞ்சை யார் நீட்டினாலும் வாங்காதே. நாடித்துடிப்பும் சேர்ந்து குறைந்தால் எஃபிட்ரினோ மெஃபென்டெர்மினோ கேட்போம், அட்ரோபினும் கேட்கலாம். அவையும் தட்டில் இருக்கட்டும்.

அப்புறம், குழந்தை வெளியே வந்ததும் ஆபத்து முடிந்தது என்று நினைக்காதே. கர்ப்பப்பை சுருங்கக் கொடுக்கும் ஆக்சிடோசினை வேகமாகத் தள்ளினால் அதுவும் பிரஷரை இறக்கும். அந்த நேரத்தில் இறங்கும் பிரஷருக்கெல்லாம் ஸ்பைனல்தான் காரணம் என்று விட்டுவிடவும் கூடாது. சக்ஷன் பாட்டிலைப் பார், ரத்தத்தில் ஊறிய துணிகளை எண்ணு, துணியை விலக்கித் தொடைக்கு நடுவே பார். ரத்தப்போக்கை முதலில் கவனிப்பவள் நீயாகக்கூட இருக்கலாம்.

வில்லாபுரம் வாசகி: ஆபரேஷனின்போது எனக்குச் சில நிமிஷம் பிரஷர் இறங்கி, மருந்து கொடுத்துச் சரி பண்ணினார்கள். குழந்தைக்கு இப்போது இரண்டரை வயசு. இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. அன்றைக்குப் பிரஷர் இறங்கியதுதான் காரணமோ என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வருவதில்லை.

கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தம் தாயின் பிரஷரை நம்பித்தான் இருக்கிறது. அதனால்தான் நாங்கள் இவ்வளவு பதறிப் பாடுபடுகிறோம். வெகுநேரம், மிகவும் கீழே இறங்கிக் கிடந்தால் குழந்தைக்குப் பாதிப்பு வரலாம். சில நிமிஷம் இறங்கி உடனே சரி செய்யப்பட்டதால் இரண்டு வருஷம் கழித்துப் பேச்சு நின்றுபோவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அப்கார்’ என்று போட்டு இரண்டு எண்கள் இருக்கும், பிறந்ததும் குழந்தை எப்படி இருந்தது என்பதற்குப் போடும் மதிப்பெண் அது, பிறந்த முதல் நிமிஷத்துக்கு ஒன்று, ஐந்தாவது நிமிஷத்துக்கு ஒன்று. ஐந்தாவது நிமிஷ எண் 7 அல்லது அதற்கு மேல் இருந்து, குழந்தை உடனே அழுது, உங்களிடமே தந்திருந்தால் அன்றைய நாளை நினைத்துக் கலங்க வேண்டாம். இந்த அளவை 1950களில் உருவாக்கிய வர்ஜீனியா அப்கார் எங்கள் துறைக்காரர், மயக்க மருந்து கொடுத்தவர். தாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த அறையில் குழந்தையையும் நிமிஷக் கணக்கில் பார்க்க வைத்தவர் அவர். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமை.

இப்போது செய்ய வேண்டியது வேறு. காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் பரிசோதியுங்கள். பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது அதுதான். கூப்பிட்டால் திரும்புகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, விரலை நீட்டிக் காட்டுகிறதா என்று எழுதிக்கொண்டு குழந்தைகள் நல டாக்டரிடம் போங்கள். பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் இருக்கின்றன. “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு” என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு, இந்த வாரமே போய்விடுங்கள்.

உசிலம்பட்டி வாசகி: ஊசி போட்டதிலிருந்து நாலு வருஷமாக இடுப்பு வலி. முதுகெலும்பில் குத்தியதுதானே காரணம்?

எல்லா ஊரிலும் கேட்கும் கேள்வி. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும், அதற்கு மேல் வருஷக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு ஊசி காரணம் என்று ஆய்வுகளில் தெரியவரவில்லை. முதுகில் ஊசி போடாமல் சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறது. கர்ப்பத்தில் மூட்டு நார்கள் தளர்கின்றன, வயிற்றுத் தசை இழுபட்டுப் பலம் இழக்கிறது, பிறகு குனிந்து உட்கார்ந்து பால் கொடுப்பது, இடுப்பில் பிள்ளை, தலையில் தண்ணீர்க் குடம். காலில் மரமரப்பு, பலக்குறைவு, சிறுநீர் அடக்க முடியாமை இருந்தால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள். இல்லையென்றால் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் முதுகுக்கும் வயிற்றுக்கும் உடற்பயிற்சி கற்றுக்கொண்டு மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டு எழுதுங்கள்.

அலங்காநல்லூர் வாசகர்: பிரஷர் இறங்கும் என்று இவ்வளவு தெரிந்தும் ஏன் முதுகில்தான் போட வேண்டும்? முழு மயக்கம் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

கர்ப்பிணிக்கு முழு மயக்கம் கொடுப்பதில் வேறு சிக்கல்கள் இருக்கின்றன. தொண்டை உள்ளே வீங்கியிருக்கும், மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவது மற்றவர்களைவிடக் கடினம். இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் அபாயம் அதிகம். கொடுக்கும் மருந்து குழந்தைக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். பிரஷர் இறங்கினால் கையில் மருந்து இருக்கிறது, சிரிஞ்சை அழுத்தினால் ஒரு நிமிஷத்தில் ஏறும். அந்த டியூப்பைப் போட முடியவில்லை என்றால் அவ்வளவு எளிதாக மீள முடியாது. அதனால்தான் பெரும்பாலோருக்கு முதுகு ஊசியைத் தேர்ந்தெடுக்கிறோம். தாய் விழித்திருந்து குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கலாம் என்பதும் எனக்கு முக்கியம். ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ, ரத்தம் உறையாத நிலை இருந்தாலோ, நேரமே இல்லாத அவசரம் என்றாலோ முழு மயக்கம்தான் சரி. அந்த முடிவை எடுப்பவரிடம் “எங்களுக்கு இதுதான் வேணும்” என்று வாசலில் நின்று சண்டை போட வேண்டாம்.

இரைப்பையைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. ஆபரேஷன் காலை எட்டு மணிக்கு என்றால் முந்தின நாள் இரவு சாப்பாட்டோடு திட உணவு போதும். இட்லி, பால், டீ, பால் கலந்த காபி எதுவும் காலையில் கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம் என்பது பல நாடுகளில் ஏற்றுக்கொண்ட வழக்கம், உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் காயப்போட்டு அழைத்துவந்தால், பிரஷர் இறங்குவதற்கு நாமே வழி செய்து கொடுத்தது போலாகும். தெரியாமல் காலையில் காபி கொடுத்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். அவசரம் இல்லாதபோது சில மணி நேரம் தள்ளிப்போடுவோம், அவ்வளவுதான்.

ஊசிக்குப் பிறகு வரும் தலைவலி பற்றி எழுதியிருக்கும் வாடிப்பட்டி, பேரையூர் வாசகிகளுக்கு அடுத்த இதழில் பதில். அதற்குள் உட்கார்ந்தால் தலைவலி அதிகமாகி, படுத்தால் குறைகிறது என்றால் இதழுக்காகக் காத்திருக்க வேண்டாம், ஊசி போட்ட டாக்டரிடமே போய்க் காட்டுங்கள்.